“ஒன்றுமில்லை” என்று மூன்று முறை சொல்லக் கேட்டேன்

2006ஆம் ஆண்டு பொங்கலை ஒட்டி நடந்த ஓர் இரவுக் கபடிப் போட்டியில் இறுதி ஆட்டத்தின் இரண்டாவது பாதியை நான் முழுமையாக ஆடியிருக்கிறேன். அதில் இரண்டு பேரைப் பிடித்திருக்கிறேன், கோப்பையைத் தூக்கிக்கொண்டு போன கூட்டத்தில் முன்வரிசையில் நடந்திருக்கிறேன், ஊர் திரும்பும் வேனில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனிடம் “நாம ஜெயிச்சோமா?” என்று ஏழெட்டு முறை கேட்டிருக்கிறேன். இவையெல்லாம் மற்றவர்கள் சொல்லி எனக்குத் தெரிந்தவை. என் நினைவில் இருப்பது இவ்வளவுதான்: கம்பத்தில் கட்டிய விளக்கைச் சுற்றிப் பறந்த பூச்சிகள், என்னை நோக்கி வந்த ஒரு முழங்கால், அதில் மாட்டியிருந்த நீல நிற உறை. அதற்கு அடுத்து நினைவில் வருவது மறுநாள் காலை அம்மா கையில் கொடுத்த காப்பி டம்ளரின் சூடு. இடையில் இருந்த ஒன்பது மணி நேரம் இன்றுவரை திரும்பி வரவில்லை.

மன்னார்குடி, வடுவூர் பக்கத்து ஊர்களில் வளர்ந்த ஆண்பிள்ளைகளுக்குக் கபடி தனியாகக் கற்றுக்கொள்ளும் ஆட்டம் அன்று. அறுவடை முடிந்த வயலில் கோடு கிழித்து ஆடத் தொடங்கி, பதினைந்து பதினாறு வயதில் ஊர் அணியின் பனியனைப் போட்டுக்கொள்வோம். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. வலது கார்னரில், அதாவது எங்கள் வரிசையின் வலது ஓரத்தில், நின்று கணுக்காலைப் பிடிப்பது என் வேலை. அந்த இடத்தில் நிற்பவன் பாடி வருபவரின் காலுக்குக் குனிந்து பாய வேண்டும்; பாயும் அந்த நொடியில் அவன் தலையும் வந்தவரின் முழங்காலும் ஒரே உயரத்தில் இருக்கும். அன்று பாடி வந்தவர் காலை உதறித் திரும்பியபோது அவர் முழங்கால் என் வலது நெற்றிப்பொட்டில் இறங்கியது. நான் மயங்கி விழவில்லை, ரத்தம் வரவில்லை, வாந்தி எடுக்கவில்லை. எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு, வலது கார்னருக்குப் போவதற்குப் பதிலாக இடது கார்னரில் போய் நின்றேனாம். அங்கே ஏற்கெனவே நின்றிருந்தவன் என் தோளைப் பிடித்து வலப்பக்கம் திருப்பிவிட்டானாம். என்ன ஆயிற்று என்று அணித் தலைவர் கேட்டதற்கு, “ஒண்ணுமில்லண்ணே, ஆடுறேன்” என்று தெளிவாகச் சொன்னேனாம். தலையில் சோடாவை ஊற்றினார்கள், நெற்றியில் தைலம் தேய்த்தார்கள், ஆட்டம் தொடர்ந்தது.

அன்றைக்கு அங்கிருந்த யாரையும் நான் குறை சொல்ல மாட்டேன். கை முறிந்திருந்தால் அவர்களே என்னைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பார்கள். கால் சுளுக்கினால் கட்டுப்போடத் தெரிந்தவர்கள், பல் உடைந்தால் துணியைச் சுருட்டிக் கடிக்கக் கொடுக்கத் தெரிந்தவர்கள். தலையில் அடிபட்டவன் நின்று பேசுகிறான் என்றால் அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதுதான் அவர்கள் அறிந்திருந்தது. எனக்கும் அதற்கு மேல் தெரியாது.

தவறு அடுத்த வாரம்தான் பெரிதானது. எட்டு நாள் கழித்து இன்னோர் ஊரில் ஆட்டம் இருந்தது. அந்த எட்டு நாளும் தலைக்குள் ஈரத்துணியை முறுக்குவதுபோல ஒரு வலி இருந்துகொண்டே இருந்தது. வகுப்பில் கரும்பலகையைப் பார்த்தால் கண் கூசியது. பேருந்தில் குனிந்து நிமிர்ந்தால் தடுமாறியது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஆட விடமாட்டார்கள் என்பது மட்டும்தான் காரணம். அந்த ஆட்டத்தில் பட்டது மிகச் சாதாரணமான இடி, எங்கள் அணிக்காரன் ஒருவனுடைய தோள் என் தாடையில் பட்டது. மற்ற நாளாக இருந்தால் மறந்தே போயிருப்பேன். அன்று களத்திலேயே உட்கார்ந்து வாந்தி எடுத்தேன். அதன் பிறகு ஏறக்குறைய இரண்டு மாதம் தலைவலி விடவில்லை. அந்தப் பருவத் தேர்வில் மூன்று தாள்கள் போயின. கேள்வித்தாளில் ஒரு வரியைப் படித்து அடுத்த வரிக்குப் போவதற்குள் முதல் வரி கலைந்துபோகும் அந்தத் தவிப்பை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

முதல் அடி ஆறுவதற்குள் இரண்டாவது அடி விழுவது எவ்வளவு ஆபத்தானது என்பதைப் பல ஆண்டுகள் கழித்துத்தான் படித்து அறிந்தேன். அரிதாக, குறிப்பாக வளரும் வயதுப் பிள்ளைகளுக்கு, அந்த இரண்டாவது அடியில் மூளை சடசடவென்று வீங்கி உயிரே போய்விடுகிறது. எனக்கு அப்படி ஆகாமல் போனதற்கு என் உடற்கட்டோ மன உறுதியோ காரணமில்லை. அதிர்ஷ்டம் ஒன்றுதான் காரணம்.

எங்கள் பக்கத்தில் வெளியே தெரியாத அடிக்கு ஊமைக்காயம் என்று பெயர். மருத்துவர்கள் கன்கஷன் என்றும், தமிழில் மூளை அதிர்ச்சி என்றும் சொல்வதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குக் கிடைக்கவில்லை. மூளை கெட்டியான பொருள் அன்று. மண்டையோட்டுக்குள் நீரில் மிதக்கும் மிக மென்மையான உறுப்பு. தலை சட்டென்று நின்றாலோ சுழன்றாலோ அது உள்ளே ஒரு கணம் பின்தங்கி அலைகிறது, அந்த இழுப்பில் நரம்பிழைகள் நீள்கின்றன, முறுக்கிக்கொள்கின்றன. மூளைச் செல்களின் உள்ளே இருக்க வேண்டிய உப்புகள் வெளியேயும், வெளியே இருக்க வேண்டியவை உள்ளேயும் மாறிப்போக, அவற்றைப் பழைய நிலைக்குக் கொண்டுவர மூளை தன் சக்தியையெல்லாம் செலவழிக்கிறது. அந்த நாட்களில் படிப்புக்கோ கணக்குக்கோ ஆட்டத்துக்கோ கொடுக்க அதனிடம் மிச்சம் இருப்பதில்லை. எலும்பு முறியாததாலும் ரத்தக் கசிவு இல்லாததாலும் சி.டி. ஸ்கேனில் எதுவும் தெரியாது. தலை நேரடியாக எதிலும் மோத வேண்டும் என்பதுகூட இல்லை, உடம்பு பலமாகக் குலுங்கினாலே போதும். மயக்கம் வந்தால்தான் மூளை அதிர்ச்சி என்று பலரும் நம்புகிறார்கள். உண்மையில் பெரும்பாலானோருக்கு மயக்கம் வருவதே இல்லை.

இதில் நான் எல்லோரிடமும் அழுத்திச் சொல்வது ஒன்று உண்டு. காலில் அடிபட்டால் மூளை அதைப் பார்த்து, வலிக்கிறது, நிற்காதே என்று சொல்கிறது. மூளையிலேயே அடிபட்டால் எதைக்கொண்டு பார்ப்பது? “எனக்கு ஒன்றுமில்லை” என்று தீர்ப்புச் சொல்லும் உறுப்பே காயம்பட்ட உறுப்பாக இருக்கும்போது அந்தத் தீர்ப்பை ஏற்கவே கூடாது. ஆடலாமா, வண்டி ஓட்டலாமா, மருத்துவமனைக்குப் போக வேண்டுமா என்பதை அடிபட்டவரிடம் கேட்டு முடிவெடுப்பதை நாம் நிறுத்த வேண்டும்.

உலகத்தரமான மருத்துவர்கள் பக்கத்தில் நிற்கும் ஆட்டங்களிலேயே இது பிடிபடாமல் போவதுண்டு. 2019 ஆகஸ்டில் லார்ட்ஸ் கிரிக்கெட் மைதானத்தில் இங்கிலாந்தின் ஜோஃப்ரா ஆர்ச்சர் வீசிய பந்து ஆஸ்திரேலிய மட்டையாளர் ஸ்டீவ் ஸ்மித்தின் கழுத்தருகே பட்டது. அவர் வெளியேறினார், சோதனைகளில் தேறினார், ஏறக்குறைய முக்கால் மணி நேரத்தில் மீண்டும் வந்து மட்டை பிடித்தார். மறுநாள் காலையில்தான் அறிகுறிகள் தலைகாட்டின. அதனால் அவருக்குப் பதிலாக மார்னஸ் லபுஷேன் இறங்கினார். அந்த மாதத் தொடக்கத்தில்தான் சர்வதேசக் கிரிக்கெட்டில் மூளை அதிர்ச்சிக்கு மாற்று வீரரை இறக்கும் விதி நடைமுறைக்கு வந்திருந்தது; டெஸ்ட் ஆட்டத்தில் அப்படி இறங்கிய முதல் ஆட்டக்காரர் லபுஷேன். ஸ்மித் அடுத்த டெஸ்டில் ஆடவில்லை. இதற்கு நேர்மாறாக நினைவுக்கு வருபவர் முன்னாள் இந்தியக் கிரிக்கெட் வீரர் ராமன் லாம்பா. 1998 பிப்ரவரியில் டாக்காவில் ஒரு கிளப் ஆட்டத்தில் மட்டையாளருக்கு மிக அருகில், தலைக்கவசம் அணியாமல் நின்றிருந்தார். பந்து தலையில் பட்டபின் தாமே நடந்து அறைக்குப் போனார். பிறகு நிலைமை மோசமாகி மூன்றாவது நாள் இறந்துபோனார். நடந்து போகிறவரைப் பார்த்து நாம் நிம்மதி அடைவது எவ்வளவு தவறானது என்பதற்கு இதைவிட வேறென்ன சொல்வது?

எனக்கு இரண்டாவது பெரிய அடி விளையாட்டில் வரவில்லை. 2017 ஆடி மாதம், இரவு ஒன்பது மணிக்குத் தஞ்சாவூர்ச் சாலையில் வந்துகொண்டிருந்தபோது குறுக்கே ஒரு நாய் ஓட, வண்டியோடு சாய்ந்தேன். 2015 ஜூலை முதல் தலைக்கவசம் கட்டாயம் என்று சென்னை உயர் நீதிமன்ற உத்தரவு வந்த பிறகு வாங்கிய கவசம் அது. வாரைத் தாடையில் மாட்டியிருந்தேன். மறுநாள் அதை எடுத்துப் பார்த்தபோது வெளி ஓட்டில் விரல் நீளத்துக்கு ஒரு கீறல் மட்டுமே இருந்தது. உள்ளே இருந்த வெள்ளை நுரைப்பகுதியை அழுத்திப் பார்த்தால் ஓரிடம் மட்டும் நசுங்கிக் கெட்டியாகி இருந்தது. அந்த நுரை ஒரே ஒரு முறை நசுங்குவதற்காகவே வைக்கப்பட்டிருக்கிறது. என் மண்டையோட்டுக்கு வரவேண்டியதை அது வாங்கிக்கொண்டது. ஒரு முறை விழுந்த கவசத்தை, வெளியே பளபளப்பாக இருந்தாலும், மீண்டும் அணியக் கூடாது. யாருக்கும் கொடுக்கவும் கூடாது. கவசம் மண்டை உடைவதைத் தடுக்கிறது, உயிரைக் காக்கிறது. உள்ளே மூளை அலைவதை அதனால் முழுவதும் தடுக்க முடியாது.

108 ஊர்தியில் கொண்டுபோனார்கள். முழங்கை சிராய்ப்புக்குக் கட்டுப்போட்டார்கள், தலைக்கு ஸ்கேன் எடுத்தார்கள். “ஸ்கேன் நார்மல், வீட்டுக்குப் போகலாம்” என்றார்கள். அவர்கள் சொன்னது சரியே. அவசரமாக அறுவை செய்ய வேண்டிய ரத்தக் கசிவு இல்லை என்பது அதன் பொருள். நானோ, மூளைக்கு ஒன்றுமில்லை என்று பொருள்கொண்டேன். வீட்டில் எல்லோரிடமும் இரண்டாவது முறையாக அந்தச் சொல்லைச் சொன்னேன்: ஒன்றுமில்லை. நான்காம் நாள் அலுவலகம் போனேன்.

கணக்கு எழுதுவது என் தொழில். கணினித் திரையில் எண்களின் வரிசை கீழிருந்து மேலாக மெல்ல நகர்வதுபோலத் தோன்றியது. நாற்பது நிமிடத்துக்கு மேல் உட்கார முடியவில்லை. குழல் விளக்கின் வெளிச்சம் கண்ணுக்குப் பின்னால் குத்தியது. ஆடி மாதம் என்பதால் தெருவுக்குத் தெரு அம்மன் கோயில் ஒலிபெருக்கி. நான் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு கொல்லைப்புறம் போய் உட்கார்ந்தேன். குக்கர் விசிலுக்குக்கூட உடம்பு தூக்கிப் போட்டது. தெரிந்த சொல் நாக்கு நுனியில் நின்றுவிடும். ஒரு நாள் “சாவி” என்ற சொல் வராமல் கதவைச் சுட்டிக்காட்டிக்கொண்டே நின்றேன். எல்லாவற்றையும்விட என்னை வருத்தியது என் கோபம்தான். நான்கு வயது மகள் தட்டைக் கீழே போட்டுவிட்டாள் என்று நான் போட்ட சத்தத்தில் அவள் இரண்டு நாள் என் அருகில் வரவில்லை. வெளியே கட்டு இல்லை, தழும்பு இல்லை. அதனால் அலுவலகத்தில் சோம்பல் என்றார்கள், உறவினர்கள் மனக்கவலை என்றார்கள். எனக்கே அப்படித்தானோ என்ற சந்தேகம் வந்துவிட்டது. மூளை அதிர்ச்சிக்குப் பின் மனம் சோர்வதும் எரிச்சல் வருவதும் காயத்தின் பகுதிகளே என்று அப்போது ஒருவர் சொல்லியிருந்தால் எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

ஐந்தாவது வாரம் ஒரு நரம்பியல் மருத்துவரைப் பார்த்தேன். அரை மணி நேரம் பொறுமையாகக் கேட்டார். 2006இல் நடந்ததைச் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு அடிகளுக்கும் இடையே எத்தனை நாள் என்று இரண்டு முறை கேட்டுக் குறித்துக்கொண்டார். அவர் எழுதிக்கொடுத்தவற்றில் மருந்து குறைவு, ஒழுங்குமுறை அதிகம். இருட்டறையில் வாரக்கணக்கில் படுத்துக் கிடப்பது பழைய முறை, அது உதவாது என்றார். முதல் ஓரிரு நாள் ஓய்வு, அதிலும் கைப்பேசியையும் தொலைக்காட்சியையும் நன்றாகக் குறைத்துக்கொள்வது. பிறகு தலைவலி பெரிதாகக் கூடாத அளவுக்குக் காலாற நடப்பது. அதை நான் முதல் வாரமே செய்திருக்க வேண்டும். இப்போதும் தாமதமில்லை, தொடங்குங்கள் என்றார்.

அப்படித்தான் தொடங்கினேன். காலையில் இருபது நிமிட நடை. படிப்பதும் கணக்குப் பார்ப்பதும் கடிகாரத்தை வைத்துப் பதினைந்து நிமிடம். வலி வருவதற்கு முன்பே நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் கண்ணை மூடிக்கொள்வது. வலி வந்தபிறகு நிறுத்துவதற்கும் வருமுன் நிறுத்துவதற்கும் இருக்கும் வேறுபாட்டை நான் உணர்ந்துகொள்ள ஒரு வாரம் ஆனது. உணர்ந்தபின் நாளுக்கு நாள் நிமிடங்கள் கூடின. இரவு ஒரே நேரத்தில் தூங்கப் போனேன். வண்டி ஓட்டவில்லை, மதுவின் பக்கமே போகவில்லை. கழுத்திலும் அடி இறங்கியிருந்ததால் இயன்முறை மருத்துவர் சில பயிற்சிகள் கொடுத்தார். சுவரில் ஒட்டிய ஓர் எழுத்தைக் கண் பார்த்துக்கொண்டே இருக்க, தலையை மட்டும் இடமும் வலமும் மெதுவாகத் திருப்ப வேண்டும். அதற்கு என் மகள் “அ” என்று எழுதிக் கொடுத்தாள். முதல் நாள் ஐந்து முறை திருப்பியதும் குமட்டியது. மூன்று வாரத்தில் அறுபது முறை திருப்பினாலும் எழுத்து அசையவில்லை. அலுவலகத்துக்கு மருத்துவரின் கடிதம் கொடுத்த பின்புதான் அரைநாள் வேலைக்கு ஒப்புக்கொண்டார்கள். அந்தக் கடிதத்தை முதல் நாளே கேட்டு வாங்குங்கள் என்று இப்போது எல்லோரிடமும் சொல்கிறேன். கண்ணுக்குத் தெரியாத காயத்துக்குக் காகிதம்தான் சாட்சி. முழு வேலைக்குத் திரும்ப எனக்கு நான்கு மாதம் ஆயிற்று. பெரும்பாலானவர்கள் இரண்டு வாரத்திலிருந்து ஒரு மாதத்துக்குள் தேறிவிடுகிறார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும், படிப்பவர்கள் அஞ்சக் கூடாது.

மூன்றாவது முறை அந்தச் சொல்லைச் சொன்னவர் என் அம்மா. 2021இல் அவருக்கு எழுபத்தொரு வயது. இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்திருந்ததால் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கொல்லைப்புறக் குளியலறையில் வழுக்கி, குழாயில் தலை இடித்துக்கொண்டதை அவர் எங்களிடம் சொல்லவே இல்லை. ஐந்தாறு நாள் கழித்து முடிக்குள் ஒரு வீக்கத்தைப் பார்த்துக் கேட்டபோது, “ஒண்ணுமில்லடா, லேசா இடிச்சுது, எண்ணெய் வச்சிட்டேன்” என்றார். நன்றாகச் சமைத்தார், பேசினார், பேத்திக்குத் தலை பின்னினார். இவ்வளவு பட்டும் நான் அதை விட்டுவிட்டேன். நான் எழுதுவதிலேயே எனக்கு மிகவும் வலிப்பது இந்த வரிதான்.

நான்கு வாரம் போல ஆகியிருக்கும். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பினார். இடது செருப்பு படியிலேயே கிடந்தது. வெறுங்காலோடு நான்கு வீடு தாண்டிப் போய்விட்டார், கால் சுடுவதுகூட அவருக்குத் தெரியவில்லை. ஓடிப்போய் அழைத்து வந்து, தண்ணீர்ச் செம்பைக் கொடுத்தபோது இடது கையிலிருந்து அது மெல்லச் சரிந்தது. அன்றே ஸ்கேன் எடுத்தோம். மூளையின் வலது பக்கம், உறைகளுக்கிடையே பழைய ரத்தம் தேங்கி மூளையைத் தள்ளிக்கொண்டிருந்தது. வயதானவர்களுக்கு மூளை சற்றுச் சுருங்குவதால் அதையும் உறையையும் இணைக்கும் மெல்லிய நாளங்கள் இழுபட்டு நிற்கின்றன, சிறிய இடியிலேயே கசிகின்றன, உறையாத ரத்தம் வாரக்கணக்கில் சேர்கிறது என்று விளக்கினார்கள். மண்டையோட்டில் இரண்டு துளைகள் போட்டு அதை வெளியேற்றினார்கள். வண்டியில் மாற்றும்போது வடியும் பழைய ஆயிலைப் போல இருந்தது என்று அறுவை செய்த மருத்துவர் சொன்னார். மூன்றாம் நாள் அம்மா இரண்டு செருப்பையும் தேடி மாட்டிக்கொண்டு தாழ்வாரத்தில் நடந்தார். வீட்டில் அறுபதைத் தாண்டியவர்களோ ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களோ இருந்தால், அவர்களுக்குத் தலையில் எவ்வளவு சிறிய அடி பட்டாலும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். நாள்காட்டியில் அந்தத் தேதியை வட்டமிட்டு இரண்டு மாதம் வரை நடையையும் பேச்சையும் கவனியுங்கள்.

உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய அறிகுறிகள் உண்டு. வாந்தி மீண்டும் மீண்டும் வருவது, தலைவலி குறையாமல் ஏறிக்கொண்டே போவது, எழுப்ப எழுப்பத் தூக்கத்தில் ஆழ்வது, வலிப்பு, பேச்சுக் குழறல், கை கால் வலுவிழப்பு, பொருள்கள் இரண்டாகத் தெரிவது, ஒரு கண்மணி மற்றதைவிடப் பெரிதாக இருப்பது, மூக்கிலோ காதிலோ தெளிந்த நீர் அல்லது ரத்தம் வடிவது, ஆளே மாறிவிட்டதுபோல நடந்துகொள்வது ஆகிய இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்கக் கூடாது. நெற்றிப்பொட்டில் எலும்பு மிக மெல்லியது; அதன் உட்புறம் ஒரு தமனி ஓடுகிறது. அது கிழிந்தால் அடிபட்டவர் சில மணி நேரம் நன்றாகப் பேசிக்கொண்டிருந்துவிட்டுச் சரியக்கூடும். அதனால்தான் முதல் நாள் அவரைத் தனியாக விடக் கூடாது என்கிறார்கள். தூங்கவே விடக் கூடாது என்பது சரியில்லை. மருத்துவர் பார்த்து, ஆபத்தில்லை என்று அனுப்பிய பிறகு தூக்கம் நல்லதே. மயங்கிக் கிடப்பவர் வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றக் கூடாது. கழுத்திலும் அடி இருக்கலாம் என்பதால் கையையும் காலையும் பிடித்துத் தூக்கக் கூடாது. கடையில் வலி மாத்திரை என்று கேட்டு வாங்கினால் ரத்தக் கசிவைக் கூட்டும் வகைகளும் வந்துவிடும். முதல் நாட்களில் பாரசிட்டமால் தவிர வேறெதையும் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம். சாலை விபத்தாக இருந்தால் செலவை நினைத்துத் தயங்க வேண்டியதில்லை. 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் சேர்ந்துள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை கட்டணமின்றிக் கிடைக்கிறது.

இப்போது மாலை நேரங்களில் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கபடி சொல்லித் தருகிறேன். தலையில் இவ்வளவு பட்டவன் எதற்கு மறுபடி அந்தக் களத்துக்குப் போகிறாய் என்று வீட்டில் கேட்டார்கள். அந்த ஆட்டத்தை நான் நேசிக்கிறேன். பிள்ளைகள் ஆடத்தான் போகிறார்கள். தெரிந்தவன் ஒருவன் பக்கத்தில் நிற்கட்டும் என்று நினைத்தேன். கணுக்காலைப் பிடிக்கும்போது தலையை முழங்காலுக்கு நேராகக் கொண்டுபோகாமல் தொடைக்கு வெளிப்பக்கம் வைக்கச் சொல்லித் தருகிறோம். கண் நிலத்தைப் பார்க்கக் கூடாது, வந்தவரின் இடுப்பைப் பார்க்க வேண்டும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பாய்ந்து மண்டையோடு மண்டை மோதிக்கொள்ளாமல் இருக்க, பிடிக்கப் போகிறவன் குரல் கொடுத்துவிட்டுத்தான் பாய வேண்டும். கழுத்துக்கு வலு சேர்க்கும் பயிற்சியும் உண்டு. அப்படியும் அடி படும். கபடி அப்படிப்பட்ட ஆட்டம்.

பட்டால் ஐந்து கேள்விகள் கேட்பேன். ஆஸ்திரேலிய நரம்பு உளவியலாளர் டேவிட் மேடக்ஸ் அந்நாட்டுக்கே உரிய ஆஸ்திரேலிய விதிக் கால்பந்தாட்டக்காரர்களுக்காக வகுத்த கேள்விகளை எங்கள் ஆட்டத்துக்கு ஏற்ப மாற்றிக்கொண்டேன். இது எந்த ஊர் மைதானம்? முதல் பாதியா, இரண்டாவது பாதியா? கடைசிப் புள்ளியை எடுத்தது யார்? போன ஆட்டம் யாரோடு? அதில் ஜெயித்தோமா? பதில் தடுமாறினால் அன்றைய ஆட்டம் முடிந்தது. ஐந்துக்கும் சரியாகச் சொல்லிவிட்டாலும் தலைவலியோ தள்ளாட்டமோ மங்கலோ இருந்தால் அன்றைய ஆட்டம் முடிந்ததுதான். இதில் எனக்கும் அணித் தலைவனுக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும் நடந்த வாக்குவாதங்களை எழுதினால் அது தனிக் கதை. இறுதி ஆட்டத்தில் ஒரு புள்ளி பின்தங்கியிருக்கும்போது பாடிப் போகும் நல்ல ரைடரை உட்கார வைப்பவனை யாருக்கும் பிடிக்காது.

சென்ற ஆண்டு ஒரு பயிற்சி ஆட்டத்தில் பதினைந்து வயதுப் பையன் ஒருவனுக்குப் பின்மண்டையில் அடிபட்டது. கேள்விக்கெல்லாம் பதில் சொன்னான், ஆனால் ஒவ்வொன்றுக்கும் யோசித்து யோசித்துச் சொன்னான். உட்கார வைத்து, அவன் அம்மாவை வரச் சொல்லி, நானும் கூடப்போய் மருத்துவரிடம் காட்டினேன். இரண்டு நாள் ஓய்வு. பிறகு மெதுவாக நடை. பள்ளிக்கு முதலில் அரைநாள், பிறகு முழுநாள். பள்ளி சரியாகப் போன பிறகே மெல்லோட்டம். அதற்கு அடுத்து யாரும் தொடாமல் தனியாகக் கோட்டைத் தொட்டுத் திரும்பும் பயிற்சி, அதன் பின் மருத்துவர் சரி என்று எழுதிக் கொடுத்தால் மட்டும் பிடி, கடைசியாக ஆட்டம். ஒரு படிக்கும் அடுத்ததற்கும் இடையே குறைந்தது ஒரு முழு நாள். எங்கள் அணியில் மூன்று வாரத்துக்கு முன்பு யாரும் ஆட்டத்துக்குத் திரும்புவதில்லை என்று விதி வைத்திருக்கிறோம். இவற்றையெல்லாம் ஒரு நாற்பது பக்க நோட்டில் அவன் பெயருக்கு நேரே எழுதி, தினமும் அவனையே கையெழுத்துப் போடச் சொன்னேன்.

பன்னிரண்டாவது நாள் மாலை. மற்றவர்கள் களத்தில் இருந்தார்கள், இவன் ஓரமாக மெல்லோட்டத்தில் இருந்தான். மூன்றாவது சுற்றில் நின்று, என்னிடம் நடந்து வந்தான். நான் எதுவும் கேட்கவில்லை. “அண்ணே, ஓடுறப்ப பின்னாடி லேசா இடிக்குது” என்றான். அடுத்த வாரம் மாவட்டப் போட்டி இருப்பது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். நோட்டை வாங்கி அன்றைய தேதிக்கு எதிரே “நடை” என்று மாற்றி எழுதிக் கையெழுத்துப் போட்டான். பிறகு இருவருமாக மைதானத்தைச் சுற்றி மெதுவாக நடந்தோம். விளக்குப் போடும் வரை நடந்தோம்.